150 உறைகளும் ஒரு ‘ட’வும்: வனப்பெழுத்து என்றால் உண்மையில் என்ன?

உப்புவெளி மாமி போன ஆவணியில் வீட்டுக்கு வந்து ஒரு கட்டுக் கடித உறைகளை மேசையில் வைத்தார். மகளுக்குக் கலியாணம். “தம்பி, உனக்குக் கையெழுத்து வடிவுதானே. இந்த நூற்றைம்பதிலையும் கலிகிராபி ஃபொன்ட்டிலை பேர் எழுதித் தாவன்” என்றார்.

அந்த ஒரு வசனத்துக்குள் மூன்று வெவ்வேறு விடயங்கள் ஒன்றாகக் கிடந்தன. கையெழுத்து ஒன்று, கலிகிராபி இன்னொன்று, ஃபொன்ட் முற்றிலும் வேறொன்று. மாமியில் பிழை இல்லை. எங்கள் திருகோணமலையில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் இப்படித்தான் கலந்து சொல்வார்கள். கலந்து சொல்வதால் வரும் நட்டம்தான் பெரிது. “எனக்குக் கையெழுத்து கோழி கிளறின மாதிரி, எனக்கு உது சரிவராது” என்று ஆசையுள்ள எத்தனையோ பேர் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள். என் சொந்தக் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர் மட்டும்தான் வாசிப்பார். மாமிக்கு அது வடிவாகத் தெரிந்தது, நான் பட்டைப் பேனாவால் எழுதிய ஒன்றைச் சுவரில் பார்த்ததால்.

ஆகவே அடியிலிருந்து தொடங்குவோம்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

பேசுவதும் பண்ணோடு தேவாரம் பாடுவதும் ஒரே தொண்டையால்தான் நடக்கின்றன. ஆனால் பேசும்போது விடயம் போய்ச் சேர்ந்தால் போதும். பாடும்போது எந்த இடத்தில் ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வாயிலிருந்து வந்ததைத் திருப்பி விழுங்கவும் முடியாது. கையெழுத்து பேச்சைப் போன்றது. கலிகிராபி பாட்டைப் போன்றது. தமிழில் இதை வனப்பெழுத்து என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நானும் அப்படியே சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இதைத்தான் அதிகம் பேர் கலிகிராபி என்று நினைக்கிறார்கள். வாசலில் கோலம் போடும்போது புள்ளி வைத்து, கோடு இழுத்து, பிழைத்தால் துடைத்து, திருப்பிப் போடுவோம். அதுபோல எழுத்தைப் பென்சிலால் வரைந்து, அழித்துத் திருத்தி, பிறகு உள்ளே நிறம் நிரப்புவது எழுத்தோவியம். ஆங்கிலத்தில் லெட்டரிங் என்பது இதுதான். வள்ளங்களின் அணியத்தில் எழுதியிருக்கும் பெயர்கள் பெரும்பாலும் இந்த வகை. முதலில் வெளிக்கோடு, பிறகு நிறம்.

ஃபொன்ட், அதாவது எழுத்துரு, இடியப்ப உரல் மாதிரி. அச்சு ஒருமுறை செய்தாயிற்று. அதன் பிறகு யார் பிழிந்தாலும் ஒரே இடியப்பம். அந்த அச்சைச் செய்தவருக்குத் திறமை வேண்டும், பிழிபவருக்குக் கைப்பலம் போதும்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: அந்த எழுத்தில் தடிப்பாக இருக்கும் இடம் எப்படித் தடித்தது? கருவி ஒரே இழுப்பில் தடிக்க வைத்திருந்தால் வனப்பெழுத்து. வெளிக்கோடு போட்டு நிரப்பியிருந்தால் எழுத்தோவியம். கணினியிலிருந்து வந்திருந்தால் எழுத்துரு. தடிப்பு மெலிவு என்று ஒன்றுமே இல்லாமல் வேகமாக ஓடியிருந்தால் சாதாரணக் கையெழுத்து. விதிவிலக்குகள் உண்டு, சீனத் தூரிகை எழுத்தைப் பற்றித் தனியாகவே பேசலாம். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தக் கேள்வி தொண்ணூறு வீதம் சரியாக வேலை செய்யும்.

துடுப்பை எப்படித் திருப்புகிறீர்கள்?

உட்துறைமுகத்தில் சிறு தோணி வலித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். துடுப்பின் அகன்ற பக்கத்தால் தண்ணீரைத் தள்ளினால் நிறையத் தண்ணீர் நகரும். அதே துடுப்பை விளிம்புப் பக்கமாகத் திருப்பி இழுத்தால் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். துடுப்பும் அதேதான், கையும் அதேதான். மாறியது துடுப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்ற உறவு மட்டுமே.

பட்டைப் பேனா இதைத்தான் செய்கிறது. பட்டைப் பேனா என்றால் நுனி கூராக இல்லாமல் உளி மாதிரி தட்டையாக வெட்டப்பட்ட பேனா. அந்தத் தட்டை விளிம்புக்குக் குறுக்காக இழுத்தால் முழு அகலத்துக்கும் மை விழும். விளிம்பு நீளும் திசையிலேயே இழுத்தால் மயிரிழை போல ஒரு கோடுதான் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட எந்தத் திசையில் போனாலும் இடைப்பட்ட தடிப்பு. நீங்கள் அழுத்தவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம். விளிம்பைக் கோட்டுக்கு ஒரே சாய்வில் பிடித்திருந்தால் போதும். அந்தச் சாய்வுக்குப் பெயர் பேனாக் கோணம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜோன்ஸ்டன் என்பவர் பழைய கையெழுத்துச் சுவடிகளைக் கூர்ந்து பார்த்து, அந்த எழுத்துகளின் அழகுக்குக் காரணம் பேனாவின் தட்டை நுனிதான் என்பதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மேற்கில் இந்தக் கலை மறுபடி உயிர் பெற்றதற்கு அவரும் 1906இல் வந்த அவருடைய கையேடும் பெரிய காரணம். அதே ஜோன்ஸ்டன்தான் லண்டன் நிலக்கீழ் ரயிலுக்கான எழுத்தையும் உருவாக்கினார். 1916இலிருந்து பாவனைக்கு வந்த அந்த எழுத்தில் தடிப்பு மெலிவு கிட்டத்தட்ட இல்லை. ஒரே மனிதர், இரண்டு வேறு வேலைகள். மாமியிடம் இதைச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் அவசரத்தில் இருந்தார்.

இரண்டு பென்சில், ஒரு ‘ட’

நம்பாவிட்டால் இப்போதே செய்து பாருங்கள். இரண்டு பென்சில்களை அருகருகே வைத்து றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். நுனிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பென்சிலின் குறுக்களவு ஏறக்குறைய 7 மி.மீ., ஆகவே நுனிகளுக்கு இடையிலும் அவ்வளவுதான் தூரம். இதுதான் உங்கள் 7 மி.மீ. பட்டைப் பேனா.

இப்போது ‘ட’ எழுதுங்கள். உலகத்து எழுத்துகளிலேயே பேனாக் கோணத்தைப் படிக்க இதைவிட நல்ல எழுத்து இருக்கிறதா தெரியவில்லை. ஒரு நிலைக்கோடு, ஒரு கிடைக்கோடு, முடிந்தது.

நுனிகள் இரண்டையும் கோட்டின் மேல் கிடையாக, 0 பாகையில் வைத்து எழுதினால், கீழே இறங்கும் கோடு முழு 7 மி.மீ. அகலம். வலப்பக்கம் போகும் கோட்டில் இரண்டு பென்சில்களும் ஒரே தடத்தில் ஓடி ஒற்றைக் கோடாகிவிடும். வலது நுனியை உயர்த்தி 45 பாகைக்குச் சாய்த்தால் நிலைக்கோடும் கிடைக்கோடும் ஒரே அளவு, கிட்டத்தட்ட 5 மி.மீ. 30 பாகையில் நிலைக்கோடு 6 மி.மீ., கிடைக்கோடு 3.5 மி.மீ. பள்ளிக்கூடத்தில் சைன், கோசைன் எதற்கென்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதோ ஒரு பயன்.

மூன்று ‘ட’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கையெழுத்து மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் முதலாவது வேட்டியை மடித்துக் கட்டிய ஆள் மாதிரி நிற்கும், இரண்டாவது இரும்பு வேலி மாதிரி, மூன்றாவது அச்சுப் புத்தகத்தில் கண்ட முகம் மாதிரி. எழுத்தின் குணத்தை மாற்றியது கோணம் மட்டுமே.

புதியவர்கள் விடும் பிழையும் இங்கேதான். நிலைக்கோடு எழுதும்போது 30 பாகையில் பிடிப்பார்கள். கிடைக்கோட்டுக்குத் திரும்பும்போது மணிக்கட்டும் சேர்ந்து திரும்பிவிடும். கோணம் மாறியதால் தடிப்பு மாறும், எழுத்து தள்ளாடும். அதைப் பார்த்துவிட்டு “எனக்குக் கை நடுங்குது” என்பார்கள். கை நடுங்கவில்லை, மணிக்கட்டுத் திரும்பியது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: வனப்பெழுத்தில் தடிப்பைக் கருவி தருகிறது. பட்டைப் பேனாவில் அது கோணத்தாலும் திசையாலும் வருகிறது. உங்கள் வேலை கோணத்தை மாறாமல் வைத்திருப்பது.

அழுத்தினால் தடிக்கும் இன்னொரு குடும்பம்

மருதோண்டிக் கோனால் கையில் பூப்போடும்போது விரலை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கூர்நிப் பேனாவும் தூரிகைப் பேனாவும் பார்வைக்கு இதே கணக்கு. ஆனால் நிப்புக்குள் நடப்பது வேறு. கூர்நிப்பின் நடுவே ஒரு பிளவு இருக்கும். அழுத்தும்போது நுனி இரண்டாகப் பிரிந்து அகலும், இடையில் மை நிரம்பும். அழுத்தத்தை எடுத்தால் எஃகு திரும்பவும் கூடிக்கொள்ளும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. பிரிந்த நுனியைக் கீழ்நோக்கி இழுக்கலாம், மேல்நோக்கித் தள்ள முடியாது. தள்ளினால் இரண்டு முனைகளும் தாளில் குத்தி, மை தெறித்து, பக்கத்தில் இருப்பவர் சட்டையிலும் பொட்டு வைக்கும். அதனால்தான் ஆங்கிலச் சாய்வெழுத்தில் கீழிறங்கும் கோடு தடிப்பு, மேலேறும் கோடு மெலிவு. யாரோ அழகுக்காக வகுத்த சட்டம் என்று நினைக்க வேண்டாம், எஃகுத் தகடு போட்ட நிபந்தனை அது.

பேனாவைத் தூக்குவது குற்றமில்லை

சின்ன வயதில் நாலு கோட்டுக் கொப்பியில் உறுப்பெழுத்து எழுதியபோது, எழுத்தை இடையில் விடாமல் ஒரே இழுப்பில் முடி என்று சொல்லிக்கொடுத்தார்கள். கையெழுத்துக்கு அது நல்ல அறிவுரை, வேகம் வரும். வனப்பெழுத்தில் அந்தப் பழக்கம்தான் முதல் எதிரி.

‘ப’வை எடுங்கள். சாதாரணமாக இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறுவோம். கடைசி ஏற்றம் பட்டைப் பேனாவுக்கும் பிடிக்காது, கூர்நிப்புக்கும் பிடிக்காது. தாளில் சிக்கும், அல்லது மை வராமல் வெளிறும். வழி மிக எளிது. இறங்கி, வலப்பக்கம் போய், பேனாவைத் தூக்குங்கள். வலப்பக்கக் கோட்டை மேலிருந்து இறக்கி அந்த மூலையில் கொண்டுபோய்ச் சேருங்கள். ஓர் எழுத்து எத்தனை இழுப்பில், எந்த வரிசையில், எந்தத் திசையில் கட்டப்படுகிறது என்பதை இழுப்பு வரிசை என்று சொல்லலாம்.

ஒரு மாதிரி எழுத்தைப் பார்த்து எழுதும்போது அதன் உருவத்தை மட்டும் பார்க்காதீர்கள், இழுப்பு வரிசையைக் கண்டுபிடியுங்கள். மை சற்று அடர்ந்திருக்கும் மூலைகள்தான் தூக்கி வைத்த இடங்கள். அது தெரிந்தால் எழுத்து தெரிந்தது மாதிரி.

தமிழுக்கு எது தடிப்பு?

இங்கே வந்துதான் எனக்கு விடயம் சுவைக்கத் தொடங்கியது.

ஆங்கிலத்துக்கு நூற்றாண்டுக் கணக்கான பட்டைப் பேனாப் பழக்கம் உண்டு. எந்தக் கோடு தடிக்க வேண்டும் என்பதில் அங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அறபுக்கும் அப்படியே. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு வீட்டு வரவேற்பறையில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் அறபு எழுத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாய்வாக வெட்டிய நாணல் பேனா விட்டுச் சென்ற தடிப்பு மெலிவு தெளிவாகத் தெரியும். அந்தப் பேனாவைத் தாளில் வைத்து எடுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் அந்தப் புள்ளியாலேயே அளப்பார்கள். இந்த அளவு முறையை ஒழுங்குபடுத்தியவராக 10ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த இப்னு முக்லாவைச் சொல்வது வழக்கம். அறபு வனப்பெழுத்தை யுனெஸ்கோ 2021இல் மானுடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நம்முடைய எழுத்தோ ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணி மை பூசவில்லை, கீறியது. இடக்கையில் ஓலை, வலக்கையில் ஆணி. எழுதி முடித்த பிறகு விளக்குக்கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு நிற்கும். கூரான ஆணி எந்தத் திசையில் போனாலும் கீறல் ஒரே அகலம்தான். ஆகவே ஓலைத் தமிழில் தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று மெய்யெழுத்துப் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

ஓலையில் நேர்கோடு இழுத்தால் கிழியும், அதனால்தான் தமிழ் எழுத்து உருண்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நரம்பு ஓடும் திசையில் ஆழமாகக் கீறினால் ஓலை பிளக்கும் என்பது சரிதான். ஆனால் நாம் சற்றுமுன் எழுதிய ‘ட’வும் ‘ப’வும் ‘ம’வும் நேர்கோட்டோடுதான் இன்றும் இருக்கின்றன. ஒரு காரணத்தின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது.

கல்லில் என்ன நடந்தது என்று பார்க்க நமக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. கோணேசர் கோவிலுக்குப் போகும்போது பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் அந்தக் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் தமிழ் வரிகள் அந்த வாசற்கல்லில் இருக்கின்றன. பெரியகுளத்துப் பக்கம், வெல்கம் விகாரையில், இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளியின் 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை நேரே வாசிக்க நம்மால் முடியாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் தடவிக்கொண்டு போனால் ஓரிடத்தில் ஒரு ‘ட’வோ ‘ப’வோ சட்டென்று தலையாட்டும்.

அம்மம்மாவின் கடிதங்களில் ‘லை’யும் ‘னை’யும் முன்பக்கம் யானைத் தும்பிக்கை தூக்கி நிற்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, ளை, னை என்பவையும் ணா, றா, னா போன்றவையும் இன்றைய வடிவுக்கு வந்தன. அந்தத் தும்பிக்கையைப் பட்டைப் பேனாவால் எழுதும் இன்பம் தனி. மாமியின் உறைகளில் எழுதவில்லை, தபால்காரர் பாவம்.

விடயத்துக்கு வருகிறேன். தமிழில் இந்தக் கோடுதான் தடிக்க வேண்டும் என்று மரபு கட்டிவைக்கவில்லை. 0 பாகையிலும் எழுதலாம், 45இலும் எழுதலாம், ஆங்கிலத்துக்கு ஒவ்வாத செங்குத்துப் பிடியிலும் எழுதலாம். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது காணி உறுதி எழுதாத வெறுங்காணி மாதிரி. ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு கோணம் என்று முடிவெடுத்துவிட்டால் அந்தப் பக்கம் முடியும்வரை அதை மாற்றக் கூடாது. நான் 30க்கும் 40க்கும் இடையில் நிற்கிறேன், எங்கள் கண்ணுக்குப் பழகிய அச்செழுத்துக்கு அது கிட்ட வருவதால்.

சுருக்கினால்: ஆங்கிலத்துக்கும் அறபுக்கும் பேனா வகுத்த மரபு உண்டு. தமிழுக்கு எழுத்தாணியின் மரபு, அதில் எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. பட்டைப் பேனாவோடு தமிழுக்குள் வருபவர் கோணத்தைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும்.

‘திருகோணமலை’ என்ற பாடப்புத்தகம்

150 உறைகளில் பாதிக்கு மேல் ஊருக்குள் போகிறவை. ஆகவே ‘திருகோணமலை’ என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தது. பயிற்சிக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ‘தி’யின் விசிறி மேலே ஏறுகிறது. ‘ரு’ கீழே கால் நீட்டுகிறது. ‘கோ’வுக்கு இரண்டு பக்கமும் காவல்: இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். மூன்று சுழி ‘ண’ முழு வாங்கையும் பிடித்துக்கொண்டு உட்காரும். ‘லை’ இணைக்கொம்போடு வந்து முடிக்கும்.

இந்தச் சொல்லைத் தட்டை நுனியால் முதல்முறை எழுதும்போது ‘ண’ கறுப்புக் கட்டியாகிவிடும். காரணம் உயரம். எழுத்தின் உயரத்தை நிப்பின் அகலத்தால் அளக்க வேண்டும். நிப்பைப் பக்கவாட்டாகத் திருப்பி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சிறு கட்டங்கள் வைத்து ஏணி கட்டுவார்கள். ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளுக்கு 4 நிப்பகலம் போதும் என்று ஜோன்ஸ்டன் வழிவந்தவர்கள் தொடங்குவார்கள். ‘ண’வின் சுழிகளுக்குள் வெள்ளை தெரிய வேண்டும் என்றால் எனக்கு 6 தேவைப்பட்டது. 2.4 மி.மீ. நிப்பில் அது ஏறக்குறைய 14 மி.மீ. உயரம். உறைக்குச் சற்றுப் பெரிது, ஆகவே 1.5 மி.மீ. நிப்புக்கு இறங்கினேன்.

அந்த வெள்ளைக்கும் ஒரு பெயர் உண்டு. எழுத்துக்குள்ளும் எழுத்துகளுக்கு இடையிலும் மை படாமல் மிஞ்சும் இடத்தை உள்வெளி என்கிறேன். கண் உண்மையில் படிப்பது இதைத்தான். எழுத்துகளுக்கு இடையில் அடிமட்டம் வைத்து ஒரே தூரம் அளந்தால் சொல் ஒழுங்காக வரும் என்று நினைப்போம், வராது. ‘ட’வின் வலப்பக்கம் மேலே திறந்து கிடக்கிறது, ‘ம’வின் பக்கம் அடைத்திருக்கிறது. ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் மணல் கொட்டுவதாக நினையுங்கள். எல்லா இடைவெளிக்கும் ஒரே அளவு மணல் பிடித்தால் சொல் சீராக நிற்கும். ஆகவே ‘ட’வுக்கு அடுத்த எழுத்தைச் சற்று நெருக்க வேண்டும்.

மை, தாள், வாடைக்காற்று

பேனாவில் மை கீழே வருவது விளக்குத்திரியில் எண்ணெய் மேலேறும் அதே காரணத்தால். ஒடுங்கிய இடுக்குகளில் திரவம் தானே ஊர்ந்து போகும். இதை நுண்புழைமை என்பார்கள். நிப்பின் பிளவிலும் அது நடக்கிறது, தாளின் நார்களுக்குள்ளும் நடக்கிறது. நிப்பில் நடந்தால் எழுத்து வரும். தாளில் நடந்தால் எழுத்துக்கு வேர் முளைக்கும்.

தாளுக்குள் மை ஓடாமல் தடுப்பது பசை. வேட்டிக்குக் கஞ்சி போடுவது போலத் தாள் செய்யும்போதே மாப்பசையோ வேறொன்றோ சேர்க்கிறார்கள். அது போதாத தாளில் எவ்வளவு விலையுயர்ந்த மையும் பரவும். தடித்த தாள் என்றால் நல்ல தாள் என்று கடையில் சொல்வார்கள், அது அரை உண்மை. 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீற்றர் தாள் 80 கிராம் என்பதுதான். ஒரு ஏ4 தாள் 5 கிராம். நிறை வேறு, பசை வேறு. கடையில் ஒரு தாளை மட்டும் வாங்கி, வீட்டில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டாக வாங்குங்கள். பிறிஸ்டல் போட் என்ற தடித்த அட்டை பெரும்பாலும் ஏமாற்றாது. டிமைத் தாள் பென்சில் பயிற்சிக்குக் கெட்டிக்காரன், மைக்கு நம்பமுடியாத ஆள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கத் தொடங்கினால் தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் துவண்டுவிடும். ஆனியில் எழுதிய அதே தாளில் மார்கழியில் எழுதினால் வேர் முளைப்பது அதனால்தான். நான் தாள்களைப் பிஸ்கட் ரின்னில் போட்டு மூடி வைக்கிறேன். கச்சான் காற்றுக் காலத்தில் எதிர்ப்பிரச்சினை: நிப்பிலேயே மை காய்ந்துவிடும்.

கருவிக்குக் காசு செலவழிக்க அவசரப்பட வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சியின் முனையைப் பிளேட்டால் நேராக வெட்டித் தேய்த்தால் ஒரு பட்டைப் பேனா. குளிர்பான ரின்னின் தகட்டை மடித்து வெட்டினால் இன்னொன்று, விரல் கவனம். வாங்குவதானால் பைலட் பேரலல் பேனா 1.5, 2.4, 3.8, 6.0 மி.மீ. அகலங்களில் வருகிறது. அதற்குள்ளோ எந்த ஊற்றுப் பேனாவுக்குள்ளோ இந்தியன் இங்க் ஊற்றாதீர்கள். அதிலுள்ள அரக்கு காய்ந்து அடைத்துவிடும். தொட்டெழுதும் நிப்புக்கு அது பரவாயில்லை. இடக்கைக்காரர்கள் தாளைத் திருப்பி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டிய நிப்புகளும் உண்டு.

வடிவா இருக்கு

பகிர்ந்தால்தான் இந்தப் பொழுதுபோக்கு நீளும், தனியே எழுதினால் மூன்றாம் கிழமை பேனா காய்ந்துவிடும். பகிர்ந்தவுடன் வரும் பதில் எது என்பது தெரிந்ததே: “வடிவா இருக்கு.” அன்பான சொல், ஆனால் வடிவத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கேள்வியோடு அனுப்புங்கள். “ண-வுக்குள் வெள்ளை காணுமா?”, “எந்த எழுத்தில் கோணம் மாறியிருக்கு?” என்று கேட்டால் எழுதத் தெரியாதவர்கூடச் சரியாகக் காட்டுவார். என்னுடைய ‘கோ’வில் கொம்பு மட்டும் மெலிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு எட்டு வயதுக்காரி.

படத்தோடு நிப்பகலமும் கோணமும் தாளின் பெயரும் எழுதினால் பார்ப்பவர் செய்து பார்க்கலாம். பென்சில் கோடுகளை அழித்துவிட்டுப் படமெடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அந்தக் கோடுகளில்தான் அடுத்தவருக்குப் பாடம் இருக்கிறது. வேறொருவரின் மாதிரியைப் பார்த்து எழுதியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். பார்த்தெழுதுவது படிப்பு, சொல்லாமல் விடுவது வேறு கதை. எழுத்துருவில் அச்சடித்து அதன்மேல் பேனா ஓட்டியதைக் கையால் எழுதியது என்று போடுவதும் அந்த வேறு கதையில் சேரும்.

படம் எடுக்கும்போது கைப்பேசியைத் தாளுக்கு நேர்மேலே, சமாந்தரமாகப் பிடியுங்கள். சாய்த்தால் எழுத்தின் மேற்பகுதி ஒடுங்கி நீங்கள் விடாத பிழை தெரியும். யன்னல் பக்கத்து வெளிச்சம் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி விளிம்புகள் மங்கும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

மாமியின் உறைகளுக்குப் பதினொரு மாலைகள் எடுத்தன. முடித்த இரவு முதல் உறையையும் நூற்றைம்பதாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். முதலாவதில் ‘ண’ அடைத்திருந்தது, கடைசியில் மூன்று சுழியும் திறந்திருந்தன. மாமி உடனே பதில் போட்டார்: “ரெண்டும் வடிவா இருக்கு தம்பி. மாப்பிள்ளை பக்கத்துக்கு இன்னும் பன்னிரண்டு வேணும்.”